வெயிலில் தேயும் வைப்பர்

கடலூரில் ஓடும் ஒரு காரின் வைப்பர், ஆண்டில் எட்டு மாதமாவது வேலையில்லாமல் கண்ணாடியின் அடியில் படுத்துக் கிடக்கிறது. தை பிறந்து மழை ஓய்ந்தால், நடுவில் எப்போதாவது ஒரு கோடை மழை, ஆடி ஆவணியில் சாயங்கால இடிமழை, அவ்வளவுதான். பிறகு ஐப்பசியில் ஒரு நாள் ஆலப்பாக்கம் தாண்டும்போது வானம் இருண்டு கொட்டத் தொடங்கும். ஸ்விட்சைப் போட்டால் கண்ணாடி முழுக்க மங்கலான படலம், நடுவில் இரண்டு கோடு. "போன வருஷ மழைக்கு அப்புறம் போடவே இல்லையே, எப்படித் தேஞ்சுது?" என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்பவர்கள் உண்டு. போடாமல் கிடந்த அந்த மாதங்களில்தான் அது கெட்டது.

டயரைப் போல வைப்பரும் ஓடி ஓடித் தேய்கிறது என்றே நாம் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது இடிக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். நல்ல மழையில் ஒரு மணி நேரமாவது ஆகும். மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு 45 தடவை வைப்பர் போய்வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பயணத்துக்கு 2,700 சுற்று. பருவம் முழுக்க முப்பது மணி நேரம் மழையிலேயே ஓட்டினாலும் 81,000 சுற்றுதான் வரும். நல்ல பிளேடுகள் லட்சக்கணக்கான சுற்றுகளைத் தாங்குமாறு செய்யப்படுகின்றன. ஆகவே ஒரு பருவ மழை ரப்பரைத் தேய்த்துவிடாது. நனைந்த கண்ணாடி ரப்பருக்கு வழுக்கலான, சொகுசான இடம். அதைக் கொல்வது சித்திரையும் வைகாசியும்.

எப்படிக் கொல்கிறது என்று பார்ப்பதற்கு முன், வைப்பர் உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தண்ணீரைத் துடைத்து எடுப்பதாகப் பெயர். ஆனால் எந்த வைப்பரும் கண்ணாடியை உலர்த்துவதில்லை. மழைத்துளி கண்ணாடியில் ஒட்டும்போது குமிழ் வடிவில் நிற்கிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, காற்றினுடையது 1. வளைந்த பரப்பில் நுழையும் ஒளி திசை மாறுகிறது. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்சாகி, எதிரே வரும் லாரியின் விளக்கை நூறு துண்டாக்கிக் காட்டுகிறது. அதே தண்ணீர் ஒரே தடிமனுள்ள படலமாகப் பரவிவிட்டால், ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அதே திசையில் வெளியேறிவிடும். படலம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. வைப்பரின் வேலை இதுதான்: பெரும்பகுதித் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மைக்ரான் கணக்கில் மெல்லிய, சமமான படலமாக விட்டுச் செல்வது. நம் இமையும் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் கண்ணீரை வழித்துப் போடாமல், விழி மீது மறுபடி மெழுகிவிட்டுப் போகிறது.

பழைய லாரி டிரைவர்கள் வைப்பர் மோட்டார் நின்றுபோனால் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டித் தேய்ப்பவர்களும் உண்டு. இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்களுக்கு நான் பரிந்து பேசமாட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கண்ணாடியில் தண்ணீர் துளித்துளியாக நிற்கும். அந்தப் பிசுக்கைப் போக்கி, நீர் ஒட்டிப் பரவக்கூடிய பூச்சு ஒன்றை விட்டால் துளிகள் ஒன்றுசேர்ந்து படலமாக வழியும். துடைக்க ஆளே இல்லாவிட்டாலும் ஓரளவு வழி தெரியும். தண்ணீரை விரட்டாமல் சமப்படுத்தினால் போதும் என்பது அந்த டிரைவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

அந்தச் சமமான படலத்தை விரிப்பது ரப்பரின் ஓரம். பழைய பிளேடைக் கழற்றிக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், மேலே ஒரு தடித்த தண்டு, அதன் கீழ் இடுப்பு ஒடுங்கினாற்போல ஒரு மெல்லிய கழுத்து, அதற்கும் கீழே கூம்பிக்கொண்டே போய் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் முடியும் உதடு. வைப்பர் ஒரு பக்கம் போகும்போது உதடு பின்புறம் சாய்ந்து, அதன் ஒரு விளிம்பு மட்டும் கண்ணாடியில் படுகிறது. திரும்பும் இடத்தில் கழுத்து மடங்கி, உதடு படக்கென்று மறுபுறம் சாய்கிறது. இப்போது மற்ற விளிம்பு வேலை பார்க்கிறது. ஆக, துடைப்பது ரப்பர் பட்டையின் பரப்பு அல்ல, கத்தி முனைபோன்ற இரண்டு விளிம்புகள். இந்த விளிம்பை அச்சில் வார்த்து எடுப்பது கடினம் என்பதால், இரண்டு பிளேடுகளை உதட்டோடு உதடு ஒட்டிய நிலையில் செய்து, நடுவில் கத்தியால் அறுத்துப் பிரிப்பது வழக்கம். தேய்ந்த பிளேடை உப்புத்தாளால் தேய்த்துப் "புதுசாக்கும்" வித்தை ஒன்று ஊரில் சுற்றுகிறது. அறுத்த விளிம்பை மழுக்குவதற்கு அதைவிட எளிய வழி கிடையாது. உராய்வைக் குறைப்பதற்காக ரப்பரின் மேல்தோலைக் குளோரின் கொண்டு கெட்டிப்படுத்தியிருப்பார்கள், சிலவற்றில் கிராஃபைட் பூச்சும் இருக்கும். உப்புத்தாள் அதையும் சேர்த்து உரித்துவிடும்.

இனி வெயிலுக்கு வருவோம். இயற்கை ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி இந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்ட பிறகுதான் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்காமல், குளிரில் உடையாமல் நின்றது. ஆனால் கட்டிய பிறகும் இரட்டைப் பிணைப்புகளில் பெரும்பாலானவை அப்படியே மிச்சமிருக்கின்றன. அங்கேதான் ஓசோன் கைவைக்கிறது. தரைமட்டக் காற்றில் ஓசோன் நூறு கோடிக்குச் சில பத்துப் பங்குதான் இருக்கும். வாகனப் புகையும் சுள்ளென்ற வெயிலும் சேரும் மதியங்களில் கூடும். அந்த அளவே போதும், ஒரு நிபந்தனையோடு: ரப்பர் இழுபட்ட நிலையில் இருக்க வேண்டும். தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் ஓசோன் மேல்தோலோடு நின்றுவிடும். இழுபட்டிருந்தால், இழுவிசைக்குக் குறுக்காக மயிரிழை விரிசல்கள் விழுந்து, ஒவ்வொன்றும் ஆழமாகிக்கொண்டே போகும்.

நிறுத்திய காரில் வைப்பர் உதடு எப்படி இருக்கிறது? ஒரே பக்கமாக மடங்கி, ஆர்மின் ஸ்பிரிங் கண்ணாடி மீது அழுத்த, மடிப்பின் வெளிப்புறம் இழுபட்டபடி. ஓசோனுக்கு வேறென்ன வேண்டும்? மாசியிலிருந்து புரட்டாசி வரை அப்படியே. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிறுத்திய காரின் முன் கண்ணாடியை அக்கினி நட்சத்திரத்து மதியத்தில் தொட்டுப் பார்த்தால் கை சுடும். அந்தச் சூட்டில் ரப்பர் மேலும் இறுகுகிறது, மடங்கிய வடிவமே நிரந்தரமாகிவிடுகிறது. புறஊதாக் கதிரைக் கரித்தூள் ஓரளவு தடுக்கும். ரப்பரை இவ்வளவு கறுப்பாக வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஓசோனைத் தடுக்கக் கலந்த மெழுகும் வேதிப்பொருளும் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஏறிவந்து தங்களையே செலவழித்துக்கொள்ளும். அவை தீர்ந்த பிறகு காவல் இல்லை.

மடங்கியே உறைந்த உதடு ஐப்பசியில் என்ன செய்யும் என்பது கேட்டாலே தெரியும். ஒரு பக்கம் போகும்போது சத்தமில்லாமல் போகும். திரும்பும்போது உதடு மறுபுறம் சாய மறுத்து, முனை முன்னோக்கி முட்டிக்கொண்டு நிற்கும். விசை கூடியதும் துள்ளிக் குதிக்கும், மறுபடி முட்டும். இந்த ஒட்டலும் நழுவலும் நொடிக்குப் பல தடவை நடப்பதைத்தான் "வைப்பர் உதறுது" என்கிறோம். இன்னும் வேகமாக நடந்தால் கிறீச்சென்ற சத்தம். கண்ணாடியில் அது வரிசையான குறுக்குக் கோடுகளாகத் தெரியும்.

சூட்டைத் தாங்கும் ரப்பர்கள் இல்லாமல் இல்லை. ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. சிலிகானின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்தது, ஓசோனுக்கு அங்கே பிடிமானமே இல்லை. விலை கூடுதல். ஆனால் நெளிந்து நிமிரும் சுறுசுறுப்பிலும் கிழியாத உறுதியிலும் இயற்கை ரப்பரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் இன்னும் கடைகளில் அது கிடைக்கிறது. வீட்டில் ஷெட் இருந்து கார் நிழலில் நின்றால் சாதாரண ரப்பரே போதும் என்பது என் கட்சி. தெருவில் வெயிலில் நிறுத்துபவர்கள் சிலிகானைப் பற்றி யோசிக்கலாம்.

வெயிலுக்கு அடுத்த எதிரி தூசி. இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கடற்கரை மணல், நெய்வேலிப் பக்கம் போனால் அனல்மின் நிலையச் சாம்பல், விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வேலை நடந்த இடங்களில் செம்மண், தை மாசி அறுவடையில் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சாலையிலேயே நெல்லைக் காயவைப்பதால் பறக்கும் தூசியும் சுணையும். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் கார் கண்ணாடி ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடைப்பட்டது. மணலின் குவார்ட்சு ஏழு. ஆகவே உதட்டின் அடியில் சிக்கிய ஒரு மணல் கண்ணாடியைக் கீறும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் அதே வில்வட்டத்தில். புவனகிரி வழியாக விருத்தாசலத்துக்கு மேற்கே ஓட்டும்போது, மாலை ஐந்து மணி வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அப்போது பழைய கண்ணாடியில் வில்வில்லாக ஒளிக்கீற்றுகள் எழும். அவை பல வருட மணல் போட்ட கையெழுத்து, எந்தத் திரவம் ஊற்றித் துடைத்தாலும் போகாது. உப்புக்காற்றை எல்லோரும் குறை சொல்வார்கள். உப்புப் படிகத்தின் கடினத்தன்மை இரண்டு, இரண்டரைதான், கண்ணாடியை அது கீறாது. அதன் சேட்டை வேறிடத்தில்: சட்டம் வைத்த பழைய மாதிரி பிளேடின் இரும்பு மூட்டுகளையும், ஆர்மின் ஸ்பிரிங்கையும் துருவேற்றிவிடும். மூட்டு இறுகினால் பிளேடு கண்ணாடியின் வளைவுக்கு ஏற்ப வளையாது, நடுவில் ஒரு பட்டை மட்டும் துடைபடாமல் நிற்கும். பரங்கிப்பேட்டை, கடலூர் முதுநகர்ப் பக்கம் இருப்பவர்கள் சட்டமில்லாத தட்டை பிளேடு வாங்கலாம். வளைத்துச் செய்த ஒற்றை எஃகுப் பட்டை உள்ளேயே இருந்து நீளம் முழுக்கச் சமமாக அழுத்தும், துருப்பிடிக்க மூட்டே இல்லை.

வைப்பரின் கதை குளிரில் தொடங்கியது. நியூயார்க்கில் ஒரு டிராம் ஓட்டுநர், பனி படிந்த கண்ணாடியால் வழி தெரியாமல் தவிப்பதை அலபாமாவிலிருந்து போயிருந்த மேரி ஆண்டர்சன் பார்த்தார். உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தால் வெளியே ரப்பர் வைத்த கரம் கண்ணாடியை வழிக்கும் கருவி ஒன்றை வரைந்து, 1903 நவம்பர் 10-இல் காப்புரிமை வாங்கினார். விற்கப் போனபோது வாங்க ஆளில்லை. கார்கள் பெருகி வைப்பர் எல்லாவற்றிலும் ஏறியபோது காப்புரிமைக் காலம் முடிந்திருந்தது, அவருக்கு ஒரு காசும் வரவில்லை. அறுபது ஆண்டு கழித்து டெட்ராய்ட்டில் ராபர்ட் கேர்ன்ஸ் என்ற பொறியாளர், இமை விட்டுவிட்டு இமைப்பதுபோல வைப்பரும் ஏன் விட்டுவிட்டு ஓடக்கூடாது என்று கேட்டார். 1953-இல் தன் திருமண இரவில் ஷாம்பெய்ன் பாட்டில் மூடி தெறித்து இடது கண்ணில் பார்வை இழந்தவர் அவர். இமையைப் பற்றி அவர் அவ்வளவு யோசித்ததில் வியப்பில்லை. 1967-இல் காப்புரிமை கிடைத்தது. கார் நிறுவனங்கள் தன் யுக்தியை எடுத்துக்கொண்டன என்று ஃபோர்டு மீது 1978-இல் வழக்குப் போட்டு, 1990-இல் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் பெற்றார். கிரைஸ்லர் தனியாக அழுதது.

கேர்ன்ஸின் யுக்தி சொகுசுக்கானது மட்டுமல்ல. ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையே உராய்வு எப்போது உச்சத்தில் இருக்கும் என்று கேட்டால், காய்ந்த கண்ணாடியில் என்றுதான் யாரும் சொல்வார்கள். அப்படியில்லை. நன்றாக நனைந்திருக்கும்போது குறைவு, காய்ந்திருக்கும்போது அதிகம், ஆனால் ஈரம் காய்ந்துகொண்டிருக்கும் அந்தச் சில கணங்களில் இரண்டையும் மீறிக் கூடும். தண்ணீர் உராய்வைத் தாங்கும் அளவுக்கு இல்லை, ரப்பரைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கும் அளவுக்கு இருக்கிறது. தூறலில் வைப்பரை இடைவிடாமல் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றும் இந்த ஒட்டும் நிலையில்தான் நடக்கும். விட்டுவிட்டு ஓட்டினால் துளிகள் சேர இடைவெளி கிடைக்கும், ரப்பர் பிழைக்கும்.

கனமழையில் கணக்கே வேறு. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவிலேயே நின்றபோது சிதம்பரத்தில் ஒரே நாளில் 34 சென்டிமீட்டர் கொட்டி, நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட மழையில் எந்த பிளேடும் போதாது, ஓரங்கட்டி நிறுத்துவதுதான் புத்தி. சாதாரண மழையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும், ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கார் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த ஒரு சுற்று கோடு போட்டுவிட்டால் அடுத்த 22 மீட்டரும் அந்தக் கோடு வழியாகத்தான் பார்க்க வேண்டும். பு.முட்லூரில் இரவில் சைக்கிளில் குறுக்கே வருபவருக்கு விளக்கு இருக்காது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 101, முன் கண்ணாடி உள்ள வண்டிக்கு ஒழுங்காக வேலை செய்யும் வைப்பர் வேண்டும் என்கிறது. வாடகை வண்டிகளும் பஸ் லாரிகளும் எஃப்.சி.க்குப் போகும்போது அதைப் பார்க்கிறார்கள். சொந்தக் காருக்குப் பதினைந்து வருடம் அந்தச் சோதனையே இல்லை. பார்க்க வேண்டியவர் நாமேதான்.

எப்போது மாற்றுவது? ஆறு மாதம், ஒரு வருடம் என்று கையேடுகள் பொதுவாகச் சொல்லும். எந்த ஆறு மாதம் என்று அவை சொல்வதில்லை. தை மாசத்தில் புது பிளேடு போட்டு, மழையே பார்க்காமல் வெயிலில் வறுத்து, ஐப்பசியில் பழசாக உபயோகிப்பதில் என்ன லாபம்? வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. ஆயுத பூஜை பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் வந்துவிடுகிறது. 2024-இல் அக்டோபர் 11 பூஜை, 15-ஆம் தேதி பருவமழை. 2025-இல் ஒன்றாம் தேதி பூஜை, 16-ஆம் தேதி மழை. காரைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கும் நாள் அது. அன்றைக்கே பிளேடையும் மாற்றிவிடலாம், மாற்றிய கையோடு கண்ணாடியில் தடவிய சந்தனத்தையும் விபூதியையும் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். காய்ந்த சந்தனத்தின் மீது புது ரப்பரை ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கே பல் கூசும்.

மாற்றும் வேலை பெரிதில்லை. பழைய பிளேடை டேப் வைத்து அளந்து இஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் பக்கத்தது பெரும்பாலும் நீளம், மற்றது குட்டை. ஒரு இஞ்ச் கூடுதலாகப் போட்டால் நிறையத் துடைக்கும் என்று எடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும், அல்லது கண்ணாடி விளிம்பைத் தாண்டி இடிக்கும். மடித்த துண்டு ஒன்றை முதலில் கண்ணாடி மீது போடுங்கள். பிளேடு இல்லாத ஆர்ம் கை நழுவி விழுந்தால் ஸ்பிரிங் வேகத்தில் இரும்பு நேரே கண்ணாடியில் அறையும், சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் முடியும். ஆர்மைத் தூக்கி நிறுத்தி, கொக்கி சேருமிடத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை அமுக்கிக்கொண்டு, பிளேடை ஆர்மின் அடிப்பக்கமாக இழுத்தால் கழன்றுவிடும். புதியதை எதிர்த்திசையில் ஏற்ற, டக்கென்று பூட்டும். பூட்டியதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்மை இறக்க வேண்டும். சில கார்களில் ஆர்ம் பானட்டுக்குள் ஒளிந்து நிற்கும், தூக்கினால் பெயின்ட் உரசும். அவற்றில் வைப்பரை நடுக் கண்ணாடிக்குக் கொண்டுவந்து நிறுத்தும் வழியைக் கையேட்டில் பார்த்துச் செய்வது நல்லது. புது ரப்பர் மீது விளிம்பைக் காக்க ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதை எடுக்காமலே ஓட்டிவிட்டு, "டூப்ளிகேட் குடுத்துட்டான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

புதிதும் உதறினால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். வாட்டர் வாஷில் கடைசியாகப் பூசும் மெழுகு கண்ணாடியிலும் படிந்திருக்கும், அதில் தண்ணீர் படலமாகாமல் துளியாகவே நிற்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவினால் போய்விடும். ரப்பரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், எண்ணெயைக் குடித்து ரப்பர் ஊதிவிடும், விளிம்பு போய்விடும். கண்ணாடியும் சுத்தம், ரப்பரும் புதிது, அப்படியும் ஒரு பக்கம் மட்டும் உதறுகிறதென்றால் ஆர்ம் முறுகியிருக்கிறது. பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்காததால் உதடு ஒரு திசையில் சாய மறுக்கிறது. அதை வீட்டில் குறடு வைத்து முறுக்கிப் பார்க்காமல் ஷெட்டுக்குக் கொண்டுபோவது நல்லது. கழற்றிய பழைய ஜோடியில் ஓரளவு தேறுவதை டிக்கியில் போட்டுவைக்கலாம். கார்த்திகை மழை நடுவில் புவனகிரியில் ஒரு பிளேடு பிய்ந்து போனால், சிதம்பரம் போய்ச்சேர அது போதும்.